எல்லையை யார் காக்கிறார்கள்? திறந்த மூல மெய்நிகராக்கத் தளங்கள்: ஓர் ஒப்பீடு

2023 நவம்பர் 22 அன்று பிராட்காம் நிறுவனம், மெய்நிகராக்க மென்பொருள் விற்கும் விஎம்வேரை வாங்கி முடித்தது. ஒரு மாதம் முடிவதற்குள், ஒருமுறை பணம் கட்டிக் காலத்துக்கும் வைத்துக்கொள்ளும் உரிமங்களின் விற்பனை நின்றது. இனிச் சந்தா மட்டும்தான் என்றார்கள். 2024 பிப்ரவரியில், சிறு நிறுவனங்களும் கற்றுக்கொள்ளும் மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்த, ஈஎஸ்எக்ஸ்ஐ என்ற விஎம்வேர் மென்பொருளின் இலவசப் பதிப்பும் போயிற்று. 2025 ஏப்ரலில் அது மறுபடி கிடைத்தது என்றாலும், அதற்குள் சர்வர் அறைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வேறு வழி தேடத் தொடங்கியிருந்தார்கள். விஎம்வேர் செய்த வேலையைத் திறந்த மூல மென்பொருளைக் கொண்டு செய்ய முடியுமா? முடியுமென்றால் எதைக் கொண்டு?

முதல் கேள்விக்கு விடை எளிது. அமேசான் 2006-இல் தன் வாடகைக் கணினிச் சேவையைத் தொடங்கியபோதே அது ஸென் என்ற திறந்த மூல மென்பொருளின் மேல்தான் ஓடியது. கூகுளின் மேகக் கணிமை கே.வி.எம். என்ற இன்னொரு திறந்த மூல மென்பொருளின் மேல் ஓடுகிறது. உலகின் மிகப் பெரிய சர்வர் கூட்டங்கள் இதை என்றோ நிரூபித்துவிட்டன. இரண்டாவது கேள்விதான் கடினம். வேகப் பட்டியலைப் பார்த்து அதற்கு விடை சொல்லிவிட முடியாது. எந்தத் தளம் எல்லையை எங்கே போடுகிறது, கோளாறு வரும்போது எப்படி நடந்துகொள்கிறது, அதன் உரிமையாளர் மனம் மாறினால் நம் நிலை என்ன ஆகும் என்ற மூன்றையும் பார்த்தால்தான் ஒப்பீடு பயன்படும்.

ஒன்றுக்குள் பல

மெய்நிகராக்கம் என்பது ஓர் இயந்திரத்தில் பல இயங்குதளங்களை, ஒன்றுக்கொன்று தெரியாமல் ஓடவைப்பது. ஒவ்வோர் இயங்குதளமும் செயலி, நினைவகம், வட்டு, பிணைய அட்டை எல்லாம் தனக்கே உரியவை என்று நினைத்துக்கொள்ளும். அந்த நம்பிக்கையைக் கட்டிக் காக்கும் மென்பொருளின் பெயர் ஹைப்பர்வைசர். அதன் மேல் ஓடும் ஒவ்வொரு கற்பனைக் கணினியையும் வி.எம். என்பார்கள்.

இந்த எண்ணம் 1960-களிலேயே பிறந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சிபி-67 என்ற மென்பொருளை எழுதியது. அதன் வழித்தோன்றலான விஎம்/370, 1972-இல் வெளிவந்தது. அதன் மூலநிரல் வாடிக்கையாளர்களுக்கும் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதைத் திருத்தித் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். திறந்த மூலம் என்ற பெயர் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, இந்தத் துறையில் அந்தப் பழக்கம் இருந்திருக்கிறது.

ஓர் இயந்திரத்தை முறையாக மெய்நிகராக்க என்ன தேவை என்பதை 1974-இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் இருவரும் கணித முறையில் எழுதிவைத்தார்கள். சாரம் இதுதான்: இயந்திரத்தின் நிலையைத் தொடக்கூடிய ஒவ்வொரு கட்டளையும், சலுகையற்ற நிலையில் ஓடும்போது, செயலியால் தடுக்கப்பட்டு ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ஹைப்பர்வைசர் அதைப் பார்த்து, அந்த வி.எம்.முக்கு உரிய பதிலைத் தயாரித்துக் கொடுத்து, ஓட்டத்தைத் தொடரவிடும். மற்ற சாதாரணக் கட்டளைகள் செயலியில் நேராகவே ஓடலாம். அதனால் வேகம் குறையாது.

நம் மேசைகளிலும் சர்வர் அறைகளிலும் நிரம்பியிருந்த எக்ஸ்86 செயலி இந்த விதிக்கு அடங்கவில்லை. 2000-இல் ஜான் ராபின், சிந்தியா இர்வின் இருவரும் பென்டியம் செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 17 கட்டளைகள் விதியை மீறுவதைக் கண்டார்கள். அவற்றுள் ஒன்று பாப்ஃப். இயங்குதளம் இந்தக் கட்டளையைக் கொண்டு, சாதனங்கள் அனுப்பும் குறுக்கீடுகளைத் தடுக்கவோ அனுமதிக்கவோ செய்யலாம். சலுகையற்ற நிலையில் அதே கட்டளை வந்தால், செயலி தடுக்காது, பிழையும் சொல்லாது; கேட்டதைச் செய்யாமல் அமைதியாகக் கடந்துபோகும். ஹைப்பர்வைசருக்குச் செய்தியே போகாது. வி.எம்.முக்குள் இருக்கும் இயங்குதளமோ வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

மூன்று விடைகள்

இந்தச் சிக்கலுக்கு மூன்று விடைகள் வந்தன. இன்றைய தளங்களின் குணங்களெல்லாம் அந்த விடைகளிலிருந்தே முளைத்தவை.

முதல் விடை விஎம்வேருடையது. 1998-இல் தொடங்கிய அந்த நிறுவனம், வி.எம்.முக்குள் ஓடும் விருந்தினர் இயங்குதளத்தின் கட்டளைகளை ஓடும்போதே படித்து, சிக்கலானவற்றைப் பாதுகாப்பான வேறு கட்டளைகளாக மாற்றி ஓடவிட்டது. விண்டோஸோ லினக்ஸோ, எதையும் திருத்தத் தேவையில்லை. அற்புதமான பொறியியல்தான். ஆனால் அதன் மூலநிரல் மூடிய கதவுக்குப் பின்னால் இருந்தது.

இரண்டாவது விடை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. இயான் பிராட், கியர் ஃப்ரேசர் முதலானோர் 2003-இல் ஸென் பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார்கள். விருந்தினரை ஏமாற்றுவதற்கு இவ்வளவு பாடுபடுவானேன், அதனிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்பது அவர்கள் எண்ணம். லினக்ஸின் மையமான கெர்னலைத் திருத்தி, அடங்காத கட்டளைகள் வரும் இடங்களில் எல்லாம் ஹைப்பர்வைசரை நேராக அழைக்கும்படி செய்தார்கள். மொழிபெயர்ப்பு வேலை இல்லாததால் வேகம் கூடியது. மூலநிரலைத் திருத்த முடியாத விண்டோஸ் போன்றவற்றை இந்த வழியில் ஓட்ட முடியாது என்பதே குறை.

மூன்றாவது விடையைச் செயலி தயாரிப்பாளர்களே கொடுத்தார்கள். 2005 நவம்பரில் இன்டெல் விடி-எக்ஸ் என்ற வசதியோடு செயலிகளை வெளியிட்டது. 2006-இல் ஏ.எம்.டி. தன் பங்குக்கு ஏ.எம்.டி.-வியைக் கொண்டுவந்தது. செயலிக்குள்ளேயே விருந்தினருக்கென்று தனி இயக்க நிலை ஒன்று வந்தது. எந்தெந்தக் கட்டளையின்போது ஹைப்பர்வைசரிடம் திரும்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே குறித்துவைத்துவிடலாம். அடுத்து நினைவகத்தின் முறை. வி.எம். தன் நினைவக முகவரியென்று நினைப்பது ஒன்று. உண்மையான முகவரி வேறு. இரண்டுக்கும் இடையிலான கணக்கை ஹைப்பர்வைசர் ஒரு நிழல் அட்டவணையில் எழுதித் திருத்திக்கொண்டே இருந்தது. நேரத்தைத் தின்றது அந்த வேலைதான். 2007-இல் ஏ.எம்.டி.யும் 2008-இல் இன்டெலும் அந்த இரட்டைக் கணக்கையும் செயலியிடமே விட்டன.

இதன் விளைவை மனத்தில் வைத்துக்கொண்டால் ஒப்பீட்டில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எந்தத் தளத்தை எடுத்தாலும், கணக்குப் போடும் வேலையை இன்று செய்வது செயலிதான். அங்கே ஸென்னுக்கும் கே.வி.எம்.முக்கும் பெரிய வேறுபாடு வர வழியில்லை. வேறுபாடு தெரிவது வட்டிலும் பிணையத்திலும், அதாவது தரவு வி.எம்.மை விட்டு வெளியே வந்து போகும் பாதையில்.

லினக்ஸே ஹைப்பர்வைசர் ஆனது

வன்பொருளில் வசதி வந்துவிட்ட பிறகு, தனியாக ஒரு ஹைப்பர்வைசர் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. இஸ்ரேலின் கும்ரானெட் நிறுவனத்தைச் சேர்ந்த அவி கிவிட்டி 2006 அக்டோபரில் கே.வி.எம்.மை அறிவித்தார். வேலைகளுக்கு நேரம் பங்கிடவும், நினைவகத்தை ஒதுக்கவும், வன்பொருளை இயக்கவும் லினக்ஸ் கெர்னலுக்கு ஏற்கெனவே தெரியும். அதையெல்லாம் மறுபடி எழுதாமல், செயலியின் புதிய நிலைக்குள் போய்வரும் கதவை மட்டும் கெர்னலில் வைத்தால் போதும் என்றார். அந்தச் சிறிய நிரல் சில மாதங்களிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20-இல் இடம்பெற்றது. 2008-இல் ரெட் ஹாட் கும்ரானெட்டை வாங்கியது.

கே.வி.எம். அமைப்பில் ஒவ்வொரு வி.எம்.மும் ஒரு சாதாரண லினக்ஸ் புரோசஸ். மற்ற நிரல்களைப் பட்டியலிடும் அதே கட்டளை வி.எம்.களையும் பட்டியலிடும். வட்டு, திரை, பிணைய அட்டை போன்ற சாதனங்களை நடித்துக்காட்டும் பொறுப்பு க்யூஎமு என்ற துணை நிரலுடையது. அது ஃபாப்ரீஸ் பெலார்ட் 2003-இல் தொடங்கிய படைப்பு.

உண்மையான ஒரு பிணைய அட்டையை அச்சு அசலாக நடிப்பது வீண் வேலை. ஒரு சிறு பொட்டலம் அனுப்புவதற்குள் வி.எம். பலமுறை ஹைப்பர்வைசரிடம் போய்வர வேண்டியிருக்கும். இதை உணர்ந்து ரஸ்டி ரஸ்ஸல் விர்ட்ஐஓ என்ற பொது இடைமுகத்தை வகுத்தார். இருவரும் பகிர்ந்துகொள்ளும் நினைவகத்தில் ஒரு வரிசை, அதில் வி.எம். கோரிக்கைகளை அடுக்கிவிட்டு ஒருமுறை மணியடிக்கும், மறுபக்கம் எடுத்துக்கொள்ளும். ஸென் குழுவினர் கண்ட உண்மையே இங்கும் வேலை செய்கிறது: விருந்தினருக்குத் தான் விருந்தினர் என்று தெரிந்திருந்தால் வேலை சுளுவாக முடியும். லினக்ஸ் விருந்தினர்களிடம் இந்த டிரைவர்கள் கூடவே வருகின்றன. விண்டோஸில் நாமே நிறுவ வேண்டும். விஎம்வேரிலிருந்து ஒரு விண்டோஸ் சர்வரை மாற்றும்போது இதை முன்னதாகச் செய்யாவிட்டால், புதிய இடத்தில் அதற்குத் தன் வட்டே தெரியாது. இயங்கத் தொடங்கும்போதே நின்றுவிடும்.

எல்லை எங்கே இருக்கிறது

ஸென், கே.வி.எம். இரண்டு ஹைப்பர்வைசர்களும் அடிப்படையில் வேறுபடுவது இங்குதான். ஸென்னில் வன்பொருளுக்கு நேர் மேலே சில லட்சம் வரிகளே கொண்ட ஒரு சிறிய நிரல் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் டாம்0 என்ற சலுகை பெற்ற லினக்ஸ் ஒன்று ஓடி, சாதனங்களைப் பார்த்துக்கொள்கிறது. மற்ற வி.எம்.கள் அதன் வழியாகவே வட்டையும் பிணையத்தையும் அடைகின்றன. இந்தக் கூடுதல் நடை சில வேலைகளில் வேகத்தைக் குறைக்கும். ஆனால் டாம்0-இன் வேலைகளைப் பிரித்து, பிணைய அட்டையைத் தனியாக ஒரு சிறிய வி.எம்.மிடம் ஒப்படைத்துவிடவும் முடியும். அங்கே ஓட்டை விழுந்தால் அது முழு இயந்திரத்தையும் கவிழ்க்காது. பாதுகாப்பையே முதன்மையாகக் கொண்ட க்யூப்ஸ் இயங்குதளம் ஸென்னைத் தேர்ந்தெடுத்துப் பிணையத்தைத் தனி வி.எம்.மில் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

கே.வி.எம்.மில் முழு லினக்ஸ் கெர்னலும் நம்பிக்கை வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அது இரண்டு கோடி வரிகளைத் தாண்டிய பெரும் நிரல். ஒரு சர்வரில் அதில் ஒரு பகுதிதான் ஏறும் என்றாலும் பெரிதுதான். ஈடாகக் கிடைப்பதும் பெரிது. உலகெங்கும் லினக்ஸுக்காக உழைக்கும் ஆயிரக்கணக்கானோரின் வேலை, அடுத்த கெர்னல் பதிப்பிலேயே ஹைப்பர்வைசருக்கும் வந்து சேர்கிறது. புதிய வன்பொருளுக்கு டிரைவர் வேண்டுமா, தனியே யாரும் எழுத வேண்டியதில்லை.

மூன்றாவதாகக் கன்டெய்னர்கள் இருக்கின்றன. இங்கே தனிக் கெர்னலே கிடையாது. ஒரே கெர்னல் தன் பெயர்வெளிகளைப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி உலகம் போலக் காட்டுகிறது. ஒரே வளவுக்குள் பல குடித்தனங்கள் தனித்தனி வாசலோடு வாழ்ந்தாலும் கிணறு ஒன்றாக இருப்பதைப் போன்றது இது. கட்டுவது மலிவு, குடியேறுவது விரைவு. கிணற்றில் எது கலந்தாலும் எல்லார் வீட்டுக்கும் போகும். ஆகவே ஒரே நிறுவனத்தின் சொந்த வேலைகளுக்குக் கன்டெய்னர் போதும். முன்பின் தெரியாதவர்களின் நிரல்களை ஓட்டுவதற்கு வி.எம்.மின் எல்லை வேண்டும். அமேசான் 2018-இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர், கன்டெய்னரைப் போல நொடிக்குள் எழும் சின்னஞ்சிறு வி.எம்.களைக் கே.வி.எம். மேல் ஓட்டுகிறது. வேகத்துக்காக எல்லையை விட்டுக்கொடுக்க மனமில்லாததன் விளைவு அது.

எந்த எல்லையும் ஓட்டையில்லாதது அன்று என்பதை வரலாறு சொல்கிறது. 2014 செப்டம்பரில் ஸென்னில் ஒரு பிழை தெரியவந்தபோது, அமேசான் தன் வி.எம்.களில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றை நிறுத்தி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. 2015-இல் வெனம் என்ற பிழை வெளிவந்தது. அது இருந்த இடம் க்யூஎமுவின் ஃபிளாப்பி வட்டு நடிப்பு. யாரும் பயன்படுத்தாத ஒரு சாதனத்துக்காக 2004-இல் எழுதப்பட்ட நிரல், பதினோரு ஆண்டுகள் கழித்து ஸென், கே.வி.எம். இரண்டையும் ஆட்டிவிட்டது. ஹைப்பர்வைசரின் மையம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அதைச் சுற்றி நடிக்கும் சாதனங்களின் எண்ணிக்கையே தாக்குவதற்கான வாசல்களின் எண்ணிக்கை. தேவையற்ற சாதனங்களை வி.எம்.மிலிருந்து நீக்குவது மிகையான எச்சரிக்கை அன்று, அன்றாட ஒழுங்கு.

2018 ஜனவரியில் வெளிவந்த மெல்ட்டவுன் என்ற செயலிப் பிழை இன்னொரு பாடம் கற்பித்தது. இன்டெல் செயலிகளில், ஸென்னின் பழைய திருத்திய கெர்னல் வழியில் ஓடிய 64-பிட் வி.எம்.களால் ஹைப்பர்வைசரின் நினைவகத்தையே படிக்க முடிந்தது. செயலியின் தனி நிலையில் ஓடிய வி.எம்.களால், ஸென்னிலும் சரி கே.வி.எம்.மிலும் சரி, அந்தப் பிழையைக் கொண்டு அப்படிப் படிக்க முடியவில்லை. ஒரு காலத்தில் வேகத்துக்காகப் போற்றப்பட்ட வழி, காலம் மாறியதும் பலவீனமானது. அமேசானும் அதற்கு முன்பே, 2017 நவம்பரிலிருந்து, கே.வி.எம்.மை அடிப்படையாகக் கொண்ட நைட்ரோ அமைப்புக்கு மாறத் தொடங்கியிருந்தது.

மேலே கட்டிய வீடுகள்

ஹைப்பர்வைசர் மட்டும் இருந்தால் சர்வர் அறை நடக்காது. வி.எம்.களை உருவாக்க, இடம் மாற்ற, பேக்கப் எடுக்க, பல இயந்திரங்களை ஒரு கூட்டமாக ஆள ஒரு மேலாண்மைத் தளம் வேண்டும். ஒப்பிட வேண்டியவை இத்தகைய தளங்கள்தான்.

ஆஸ்திரியாவின் வியன்னாவைச் சேர்ந்த ப்ராக்ஸ்மாக்ஸ் 2008-இல் வெளிவந்தது. டெபியன் லினக்ஸ் மேல் கட்டப்பட்டது. கே.வி.எம். வி.எம்.களையும் எல்.எக்ஸ்.சி. கன்டெய்னர்களையும் ஒரே வலைப்பக்கத்தில் ஆளலாம். தனி மேலாண்மை சர்வர் கிடையாது. கூட்டத்தில் உள்ள எந்த நோடின், அதாவது இயந்திரத்தின், முகவரியைத் திறந்தாலும் முழுக் கூட்டமும் தெரியும். இசட்.எஃப்.எஸ்., செஃப் இரண்டு சேமிப்பு முறைகளும் உள்ளேயே வருகின்றன. ஏ.ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமம். எந்த வசதியும் பணத்துக்குப் பின்னால் பூட்டப்படவில்லை. சோதித்த புதுப்பிப்புகளும் உதவியும் வேண்டுவோர் சந்தா கட்டுகிறார்கள். 2024 மார்ச்சில், விஎம்வேரிலிருந்து வி.எம்.களை நேரே இறக்கிக்கொள்ளும் வசதியைச் சேர்த்தார்கள். டெபியன் தெரிந்த ஒருவர் ஒரு மதியத்தில் இதை நிறுவிப் பழகிவிடலாம். உள்ளே ஏதேனும் பழுதானால் பிரித்துப் பார்க்க, அவர் முன்பே அறிந்த லினக்ஸ் கருவிகளே போதும். சிறிய, நடுத்தர நிறுவனங்களில் இது பரவியதற்கு இந்தப் பரிச்சயமே பெரிய காரணம்.

ஸென் வழியில் வந்தது எக்ஸ்.சி.பி-என்.ஜி. கேம்பிரிட்ஜ் குழுவினர் தொடங்கிய ஸென்சோர்ஸ் நிறுவனத்தை 2007-இல் சிட்ரிக்ஸ் வாங்கியது. ஸென்சர்வர் என்ற தன் தயாரிப்பை 2013-இல் திறந்த மூலமாக்கவும் செய்தது. 2017 டிசம்பரில் வந்த 7.3 பதிப்பில் சிட்ரிக்ஸ் மனம் மாறி, இலவசப் பதிப்பிலிருந்து முக்கியமான பல வசதிகளைப் பிடுங்கிக்கொண்டது. பிரான்சின் கிரெனோபிளில் வேட்ஸ் நிறுவனத்தை நடத்திய ஒலிவியே லாம்பேர், திறந்திருந்த மூலநிரலைக் கொண்டே மறுபடி ஒரு முழுத் தளத்தைக் கட்டுவதாக அறிவித்துப் பொதுமக்களிடம் நிதி கேட்டார். கேட்டதைவிடப் பல மடங்கு சேர்ந்தது. 2018-இலேயே எக்ஸ்.சி.பி-என்.ஜி. வெளிவந்தது.

அதை ஆளும் ஸென் ஆர்க்கெஸ்ட்ரா தனியாக ஒரு வி.எம்.மில் ஓடுகிறது. பல ஊர்களில் உள்ள பல கூட்டங்களை ஒரே இடத்திலிருந்து பார்ப்பதிலும், பேக்கப் வகைகளிலும் அது தேர்ந்தது. நோடின் அடித்தளத்தை நாம் தொடாமல், ஒரு கருவியைப் போல அப்படியே பயன்படுத்த வேண்டும் என்பது இதன் மனப்போக்கு. விஎம்வேரில் பழகியவர்களுக்கு இந்த ஒழுங்கு பிடிக்கும். பழைய வட்டு வடிவத்தால் ஒரு மெய்நிகர் வட்டு 2 டெராபைட்டைத் தாண்ட முடியாது என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் இதை உறுத்திக்கொண்டிருந்தது. பெரிய தரவுத்தளம் வைத்திருப்பவர்கள், தாங்கள் நிறுவப்போகும் பதிப்பில் அந்த எல்லை எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஓவிர்ட் தளத்தை வளர்த்தது ரெட் ஹாட். நடுவில் ஒரு மேலாண்மை சர்வர், சுற்றிலும் நோடுகள் என்று பெரிய அலுவலகங்களுக்கு ஏற்றதாகத் திறமையாக வடிவமைத்தார்கள். பின்னர் ரெட் ஹாட் அதன் வணிகத் தயாரிப்பைக் கைவிட்டு, கன்டெய்னர்களை ஆளும் குபர்நெட்டிஸ் மேல் வி.எம்.களை ஓட்டும் வழிக்குத் திரும்பியது. ஆரக்கிளின் மெய்நிகராக்க மேலாளர் ஓவிர்ட் அடிப்படையிலேயே இன்னும் இருக்கிறது, சமூகமும் தொடர்கிறது. ஆனாலும் வளர்த்த கை விலகிய தளத்தைப் புதிதாகத் தேர்ந்தெடுப்பவர், தன் குழுவின் பலத்தை நன்றாகக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

ஓப்பன்ஸ்டாக் வேறு அளவிலான விஷயம். 2010-இல் நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து தொடங்கியது. கணிமை, பிணையம், வட்டு, அடையாளச் சரிபார்ப்பு என ஒவ்வொன்றுக்கும் தனிச் சேவை. அமேசானைப் போன்ற ஒரு மேகத்தைச் சொந்தமாகக் கட்ட விரும்புவோருக்கானது. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013 முதல் தன் கணிமைக்கு இதை நம்பியிருக்கிறது. அங்கே அதற்கென்று நிபுணர் குழு இருக்கிறது. ஐந்து சர்வர் உள்ள அலுவலகம் இதைத் தொட்டால், அந்த ஐந்தையும் ஓப்பன்ஸ்டாக்கை ஓட்டுவதற்கே செலவிடும்.

கெட்ட நாளில் தெரியும் குணம்

எல்லாம் சரியாக ஓடும் நாளில் எந்தத் தளமும் நன்றாகவே இருக்கும். ஒரு நோடு செத்த நாளில்தான் வேறுபாடு தெரியும். இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது பெரும்பான்மைக் கணக்கு. இரண்டு நோடுகள் மட்டும் உள்ள கூட்டத்தில், நடுவிலுள்ள பிணையக் கம்பி அறுந்தால், எதிரில் இருப்பது செத்துவிட்டதா, பேச்சு மட்டும் நின்றதா என்று எந்த நோடுக்கும் தெரியாது. இரண்டும் ஒரே வி.எம்.மை ஓடவிட்டு ஒரே வட்டில் எழுதினால் தரவு நாசமாகும். ப்ராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு நோடுக்கும் ஒரு வாக்கு. பாதிக்கு மேல் வாக்கு இல்லாத பக்கம் அமைப்பை மாற்றும் உரிமையை இழக்கும். தானியங்கி மீட்பு வசதி போட்டிருந்தால், சிறுபான்மையில் சிக்கிய நோடு தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். அதனால்தான் மூன்று நோடுகள், அல்லது இரண்டு நோடுகளோடு வாக்குக்கு மட்டும் ஒரு சிறிய கணினி என்று சொல்கிறார்கள். எக்ஸ்.சி.பி-என்.ஜி. கூட்டத்திலோ ஒரு நோடு தலைமை தாங்கும். தானியங்கி மீட்புக்குப் பகிர்ந்த சேமிப்பகத்தில் எழுதும் உயிர்த்துடிப்பும் சாட்சியாக வேண்டும்.

அடுத்தது சேமிப்பகம். செஃப், ஒவ்வொரு தரவுத் துண்டையும் இயல்பாக மூன்று பிரதிகளாக வெவ்வேறு நோடுகளில் வைக்கும். ஒரு நோடு போனாலும் வேலை நிற்காது. விலை இல்லாமல் இது கிடைக்காது: 30 டெராபைட் வட்டு வாங்கினால் பயன்பாட்டுக்கு 10 டெராபைட்டே. ஒவ்வோர் எழுத்தும் பிணையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பியாக வேண்டுவதால் நொடிக்கு 10 கிகாபிட் பிணையமாவது தேவைப்படும். அந்த வசதி இல்லாத இடத்தில் இசட்.எஃப்.எஸ். மேல் நோடுக்கு நோடு சில நிமிடங்களுக்கொருமுறை நகல் எடுப்பது எளிமையானது. கடைசிச் சில நிமிடத் தரவு போகலாம் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு மருத்துவமனைப் பதிவேட்டுக்கு அது கூடாது. ஒரு பள்ளியின் இணையதளத்துக்குத் தாராளமாகப் போதும்.

ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்.மை நிறுத்தாமல் வேறு நோடுக்கு நகர்த்தும் வசதி இன்று எல்லாத் தளங்களிலும் உண்டு. 2005-இல் கிறிஸ்டோபர் கிளார்க்கும் கேம்பிரிட்ஜ் தோழர்களும் ஸென்னில் அதைச் செய்துகாட்டினார்கள். வி.எம். ஓடும்போதே நினைவகப் பக்கங்களைப் புதிய நோடுக்கு நகலெடுப்பார்கள். அதற்குள் மாறிப்போன பக்கங்களை மறுபடி அனுப்புவார்கள். மாற்றம் சிறிதாகச் சுருங்கியதும் ஒரு கணம் நிறுத்தி, மிச்சத்தை அனுப்பி, அங்கே எழுப்புவார்கள். அந்த நிறுத்தம் 60 மில்லிநொடி வரை குறைந்ததாக அவர்கள் பதிந்தார்கள். வி.எம். பக்கங்களை மாற்றும் வேகம் பிணையத்தின் வேகத்தை மிஞ்சினால் இந்தச் சுருக்கம் நடக்காது. பரபரப்பான தரவுத்தளத்தை நகர்த்த நள்ளிரவைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கே.

பேக்கப்பை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மூன்று பிரதிகளும் ஒரே கூட்டத்தில் இருந்தால், தவறாக அழித்த கோப்பு மூன்றிலும் ஒரே நேரத்தில் அழியும். பணயத்தொகை கேட்டுப் பூட்டும் தீநிரலும் அப்படியே. ப்ராக்ஸ்மாக்ஸ் 2020-இல் தனி பேக்கப் சர்வரை வெளியிட்டது; மாறிய துண்டுகளை மட்டும் எடுத்து, ஒரே துண்டு எத்தனை வி.எம்.களில் இருந்தாலும் ஒருமுறைதான் சேமிக்கும். ஸென் ஆர்க்கெஸ்ட்ராவும் மாறியதை மட்டும் எடுப்பதில் நெடிய அனுபவம் உள்ளது. இரண்டில் எது என்பதைவிட, அது வேறொரு கட்டடத்தில், வேறு கடவுச்சொல்லின் கீழ் இருக்கிறதா என்பதே முக்கியம்.

யாருக்கு எது

லினக்ஸ் தெரிந்த ஓரிருவர், மூன்றிலிருந்து பத்துப் பதினைந்து சர்வர்கள், வி.எம்.களோடு கன்டெய்னர்களும் வேண்டும் என்றால் ப்ராக்ஸ்மாக்ஸ் பொருந்தும். பல கிளைகளில் பரவிய கூட்டங்கள், ஏற்கெனவே பகிர்ந்த சேமிப்பகம், அடித்தளத்தைத் தொட விரும்பாத நிர்வாகம், எல்லை சிறியதாக இருக்க வேண்டும் என்ற அக்கறை ஆகியவை இருந்தால் எக்ஸ்.சி.பி-என்.ஜி. நல்ல தேர்வு. நூற்றுக்கணக்கான சர்வர்களும் அவற்றுக்கென்றே ஒரு பொறியாளர் குழுவும் இருந்தால் ஓப்பன்ஸ்டாக்கைப் பேசலாம். நிரல்களெல்லாம் ஏற்கெனவே குபர்நெட்டிஸில் இருந்து, சில பழைய வி.எம்.கள் மட்டும் மிஞ்சியிருந்தால், அவற்றையும் குபர்நெட்டிஸ் மேலேயே ஓட்டும் க்யூப்விர்ட் வழியைப் பார்க்கலாம். ஒரே ஒரு சர்வர்தான் என்றால், ஒரு சாதாரண லினக்ஸும் அதில் வி.எம்.களை ஆளும் லிப்விர்ட்டும் போதும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், உண்மையான வேலையை அதில் ஏற்றுவதற்கு முன் மூன்று சோதனைகளைச் செய்தாக வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். முதலாவது, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நோடின் மின்கம்பியைப் பிடுங்குவது. வி.எம்.கள் வேறு நோடில் தானாக எழுகின்றனவா, எத்தனை நிமிடத்தில் என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, கூட்டத்துக்குத் தொடர்பில்லாத ஓர் இயந்திரத்தில் பேக்கப்பிலிருந்து ஒரு வி.எம்.மை மீட்பது. மீட்டுப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. மூன்றாவது, ஒரு வி.எம்.மை அந்தத் தளத்திலிருந்து வெளியே எடுத்து வேறொரு தளத்தில் ஓடவைப்பது.

மூன்றாவதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. உள்ளே வரும் வழியை மட்டும் பார்த்துத் தளத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். விஎம்வேரின் வாடிக்கையாளர்கள் 2023-இல் தவித்தது அதன் தொழில்நுட்பத்தில் குறை கண்டல்ல. வெளியேறும் வழியை அவர்கள் அதுவரை நடந்து பார்த்ததில்லை. திறந்த மூலத் தளங்களை நடத்துவதும் நிறுவனங்கள்தான். அவையும் விற்கப்படலாம், மனம் மாறலாம், ஓவிர்ட்டைப் போலக் கைவிடப்படலாம். ஆனால் சிட்ரிக்ஸ் கதவைச் சாத்தியபோது, மூலநிரல் வெளியே இருந்த ஒரே காரணத்தால், சில மாதங்களுக்குள் அதே வி.எம்.கள் எக்ஸ்.சி.பி-என்.ஜி.யில் ஓடின. உரிமம் கொடுக்கும் அந்த வெளியேறும் உரிமை காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது. ஆண்டுக்கொருமுறையாவது ஒரு வி.எம்.மை வெளியே எடுத்து ஓட்டிப் பார்க்கும் நிறுவனத்துக்கே அது கைவசம் உள்ள உரிமை.